தொண்டூரில் இறங்கிய சிஸ்டர்

மடகாஸ்கர் தீவிலிருந்து செஞ்சிக்கு வந்த சிஸ்டர் நிரினாவுக்கு, அவர்கள் சபை நடத்தும் சின்ன மருந்தகத்தில் நர்ஸ் வேலை. சென்னையில் தமிழ் கற்றுக்கொடுத்த ஆசிரியை, 'ழ' சரியாக வரும்வரை அவளை விடவேயில்லை. செஞ்சிக்கு வந்து பார்த்தால் மார்க்கெட்டில் யாரும் அதைச் சொல்வதாகவே இல்லை. நிரினா "வாழைப்பழம்" என்று கேட்டால், பழக்கார அம்மா பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு சிஸ்டர், இவுரும் கேக்கட்டும்" என்பார். நிரினாவும் சளைக்காமல் சொல்லுவாள். அதற்காக ஒரு பழம் கூடுதலாகக் கிடைக்கும்.

அன்றைக்கு மதர் செலஸ்தீன் வருவதாக இருந்தது. நிரினா ஊரில் கன்னியர் பயிற்சியில் இருந்தபோது அவளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சென்னையிலிருந்து ரயிலில் திண்டிவனம் வந்து இறங்குகிறவரை அழைத்து வர, மருந்தகத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் அமலாதான் போக வேண்டியது. காலையிலேயே காய்ச்சல்காரர்கள் வாசல்வரை நின்றுவிட்டார்கள்.

"நீயே போயிட்டு வந்துடு நிரினா. பஸ் ஏறுனா நேரா திண்டிவனம். இன்னா பயம்?" என்றாள் அமலா.

பயம் இல்லை. தனியாகப் போகும் முதல் பயணம் என்ற சந்தோஷம்தான். வெள்ளை அங்கியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நிரினா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஒரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதலில் ஏதோ ஒரு 'த', அடுத்து 'ண்' என்பதுவரை வந்துவிட்டாள். அதற்குள் பஸ் நகர்ந்தது. மீதி எழுத்துகளை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் அது. நெரிசலில் கண்டக்டர், எங்கே போகணும் என்றுகூடக் கேட்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். திண்டிவனத்துக்கே இலவசமா என்று நிரினா வியந்துபோனாள். ஜன்னலுக்கு வெளியே பாறைக் குன்றுகளும் நெல் வயல்களும் ஓடின. அவளுடைய ஊரும் இப்படித்தான் இருக்கும். பஸ் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள்.

"ரயில்வே ஸ்டேஷன் எங்கே?"

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது தொண்டூரும்மா! இந்த வண்டி இனிமே டிப்போவுக்குப் போவுது, ஆளு ஏத்த மாட்டோம். அடுத்த பஸ்ஸு சாயங்காலம்தான்."

நிரினா அமலாவுக்குப் போன் போட்டாள். அமலா சிரித்த சிரிப்பில், காய்ச்சல்காரர்களும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. "யாருனா திண்டிவனம் பக்கம் வண்டி எடுப்பாங்க, கேட்டுப் பாரு" என்றாள்.

சற்றுத் தள்ளி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் ஏற்றிய 'குட்டி யானை' மினி லாரி ஒன்று நின்றிருந்தது. ஓட்டுபவரைக் காணோம். அந்தப் பக்கமாக ஓட்டமும் நடையுமாக வந்த ஒரு பெண்ணை நிரினா நிறுத்தினாள்.

"அக்கா, இந்த வண்டி எங்கே போகும்?"

"திண்டிவனம்தான். எங்க வூட்டுக்காரரோட வண்டி." அந்தப் பெண்ணின் பெயர் வசந்தா. முகமெல்லாம் வேர்வை. "ஆனா அவுரு இப்ப எடுக்க மாட்டாரு சிஸ்டர். எங்க ஆடு காணோம். நிறைமாசம். காலையிலேருந்து ஆளுக்கொரு பக்கம் தேடிகினு இருக்கோம்."

"நானும் தேடுகிறேன்" என்றாள் நிரினா.

வசந்தா அவளுடைய வெள்ளை அங்கியைப் பார்த்துத் தயங்கினாள். நிரினா அதற்குள் குன்றுப் பக்கம் நடந்துவிட்டாள். ஆடு எங்கே போகும் என்று யோசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் ஆடுகளோடு வளர்ந்தவள். ஈனப்போகிற ஆடு நிழலும் தனிமையும் தேடும். பாறைக்கு அடியில், அந்தக் காலத்து ஜைன முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள் இருந்தன. அதில் ஒன்றில், முனிவருக்குப் பதிலாக ஆடு படுத்து முனகிக்கொண்டிருந்தது.

"இங்கதான் இருக்குது! ஐயோ, ஒரு காலுதான் வெளிய வந்திருக்குது!" பின்னாலேயே வந்த வசந்தா தலையில் கை வைத்தாள்.

நிரினா பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். குட்டியின் இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. பதற்றத்தில் தமிழ் மொத்தமும் பறந்துபோய், தாய்மொழியில் ஆட்டைத் தடவிக்கொடுத்துக் கொஞ்ச ஆரம்பித்தாள். "ஊசி, ஊசி..."

"ஊசி வேணாம் சிஸ்டர்! அது தாங்காது!" வசந்தா அலறினாள்.

நிரினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊரில் ஆட்டுக்குப் பேரே ஊசிதான் அக்கா! தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

ஆடு முக்குவதை நிறுத்திய இடைவெளியில் அவள் மெதுவாகக் கையை விட்டு, மடங்கிய காலை நிமிர்த்தினாள். அடுத்த முக்கலில் ஒரு கறுப்புக் குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்து ஊதியதும் தும்மியது. கொஞ்ச நேரத்தில் உதவி எதுவும் கேட்காமல் இன்னொன்றும் வந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த வசந்தாவின் கணவர் பச்சைமுத்து, குட்டிகளைப் பார்த்தார், ரத்தமும் மண்ணுமாக இருந்த சிஸ்டரைப் பார்த்தார். "எங்க போவணும்னு மட்டும் சொல்லு சிஸ்டர்" என்றார்.

ஆட்டையும் குட்டிகளையும் வீட்டில் சேர்த்துவிட்டு வண்டி பறந்தது. முன்சீட்டில் நிரினா ஈரத்துணியால் அங்கியைத் தேய்க்கத் தேய்க்கக் கறை இன்னும் அகலமானது. இனி மறைக்க வழியில்லை என்று விட்டுவிட்டாள்.

மதர் செலஸ்தீன் ஸ்டேஷன் வாசலில், பெட்டியின் மேல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நிரினாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எழுந்து கிட்டே வந்து முகர்ந்தார்.

"ஆடா?" என்று அவர்கள் மொழியில் கேட்டார்.

"ரெண்டு குட்டி, மதர். முதல் குட்டிக்குக் கால் மடங்கியிருந்தது."

"தாய்க்குப் பால் இறங்கியதா?"

"தெரியாது மதர். உடனே கிளம்பி வந்துவிட்டேன்."

"பால் குடித்ததைப் பார்க்காமல் ஆட்டை விட்டு வருவார்களா? என் அப்பா பார்த்திருந்தால் உன் தோலை உரித்திருப்பார்." மதரின் உதடு ஓரம் துடித்தது. பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். பயிற்சிக் காலத்தில் ஒரு நாள்கூட நிரினா கேட்காத சிரிப்பு. "வண்டியைத் திருப்பச் சொல்."

பச்சைமுத்து மண்டியில் மூட்டைகளை இறக்கியதும், மூவரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டு தொண்டூருக்கே போனார்கள். மதர் செருப்பைக் கழற்றிவிட்டு வசந்தா வீட்டு வாசலில் மண்ணில் உட்கார்ந்தார். ஆட்டின் மடியை வெந்நீரால் ஒத்தி, சீம்பாலைப் பீய்ச்சிக் காட்டி, கறுப்புக் குட்டியின் வாயை அங்கே கொண்டுபோய் வைத்தார். அவர் தங்கள் மலகாசி மொழியில் ஏதோ சொன்னார். "ஆமா, அதான் நானும் சொல்றேன்" என்று வசந்தா தமிழில் பதில் சொன்னாள். மதர் அதற்கும் தலையாட்டினார். மொழிபெயர்க்க நிரினா வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பச்சைமுத்து அவித்த மல்லாட்டையை முறத்தோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நிரினா கறை படிந்த அங்கியை மடியில் விரித்துப்போட்டுக்கொண்டு, சூட்டோடு சூடாக உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.