சாப்பாட்டு மேசையில் நீர்மூழ்கி

அவள் பல்செட் செய்கிறவள். யாரோ ஒருவருடைய ஈறின் அச்சு பிளாஸ்டர் மாவில் வார்த்து வரும். அதன்மேல் மெழுகு வைத்து, பல் வரிசை கட்டி, இழைத்து, மெருகேற்றி அனுப்புவாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. போட்டுக்கொள்கிறவர்கள் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்கள் சொல்லும் குறை மட்டும் சீட்டில் எழுதித் திரும்பி வரும். 'கடிக்கிறது.' 'உயரம் அதிகம்.' 'சிரித்தால் வேறு ஆள் மாதிரி தெரிகிறது.'

யார் வாய்க்குள்ளும் போகாத ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. அது ஏன் நீர்மூழ்கிக் கப்பலாக இருக்க வேண்டும் என்பதுதான் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், நிஜக் கப்பலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ரிமோட்டை அழுத்தினால் மூழ்க வேண்டும், மறுபடி அழுத்தினால் மேலே வர வேண்டும். வரைபடத்தை ஏழு தாள்களில் அச்செடுத்து ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசைமேல் விரித்தாள்.

"இங்கயா?" என்றான் கணவன்.

"வேற எங்க? இந்த நீளத்துக்கு வீட்டுல வேற மேசை இருக்கா?"

"சாப்பாடு?"

"அந்த ஓரத்துல ரெண்டு தட்டு வைக்கலாம்."

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில், தனக்கென்று பொருத்திய பிரேக்மேல் காலை வைத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவன். வீட்டிலும் யார் எதைச் செய்தாலும் வாய் சும்மா இருக்காது. அவள் ஒரு பிளாஸ்டிக் பைப்பை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"மெதுவா. இடது பக்கம் போகுது பாரு."

"பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னு சொல்றவங்கதான் கொண்டுபோய் இடிப்பாங்க."

எதிர்வீட்டில் நாத்தனார், கணவனின் அக்கா. அவள் வீட்டு வாஷிங் மெஷின் கெட்டுப்போனதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் துணிமூட்டையோடு இங்கே வந்துவிடுவாள். துணி சுற்றி முடிகிறவரை மேசை ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

"கப்பல்னா மிதக்கணும். முங்கிப்போறதுக்கா இவ்வளவு பாடு?"

"முங்கிட்டு மேல வரும் அண்ணி."

"இப்பவே மேலதானே இருக்கு?"



ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது மேசை பளிச்சென்று இருந்தது. பூப்போட்ட விரிப்பு வேறு. அளவு வாரியாகப் பிரித்து பாட்டில் மூடிகளில் வைத்திருந்த திருகுகள் அத்தனையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

"ஒழுங்குபண்ணி வச்சிருக்கேன்," என்றாள் நாத்தனார், நன்றியை எதிர்பார்த்த முகத்தோடு. "பாட்டில் மூடியெல்லாம் குப்பையில போட்டுட்டேன்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்தாள். ஒன்றரை மில்லிமீட்டர் ஒரு பக்கம், இரண்டு மில்லிமீட்டர் ஒரு பக்கம். கண் பூத்துப்போயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக் குழாய் ஐந்து வாரம் காத்திருந்த பிறகு வந்தது. கப்பலின் உயிர் அதற்குள்தான். மூழ்குவதற்குத் தண்ணீரை ஒரு சிறு பைக்குள் இழுத்து, மேலே வர வெளியே தள்ளும் மோட்டார், பேட்டரி, ரிமோட் சொல்வதைக் கேட்கும் கருவி எல்லாம் அதற்குள் நனையாமல் இருக்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் மூடி பொருத்தி, அளவாக முடுக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது கணவன் கையில் திருப்புளி இருந்தது.

"லூசா இருந்துச்சு. கொஞ்சம் டைட் பண்ணேன்."

குழாயின் ஓரத்திலிருந்து இரண்டு விரல்கடை நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"சின்னக் கோடுதான்," என்றான்.

ஈரத் தலையோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு செஞ்சா அதுல கைவைக்காம இந்த வீட்டுல யாராலயுமே இருக்க முடியாதா?"

"உதவிதானே செஞ்சேன்."

"நீங்க வண்டியில போறப்ப, உதவியா நான் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பட்டுமா?"

"அதுக்குத்தான் எனக்கு பிரேக் இருக்கே," என்றான். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள், விரிசல் விட்ட மேல்செட் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. எப்போதும்போல் விரிசலை ஒட்டிக் கொஞ்சம் குடைந்து, தூளையும் திரவத்தையும் குழைத்து அடைத்தாள். இறுகட்டும் என்று காத்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் குழாயும் இதே சரக்குதானே? பத்தொன்பது வருடமாக இதைத்தானே ஒட்டுகிறோம்? தன்மேலேயே எரிச்சல் வந்தது. மறுநாள் முதலாளியிடம் கேட்டுவிட்டுக் குழாயை எடுத்துப்போய், நிறமில்லாத தூளால் அடைத்து மெருகிட்டாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தலைமுடிபோல ஒரு கோடு தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, குழாயை மட்டும் முதலில் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். கசிந்தால் தெரியட்டும் என்று உள்ளே காகிதத்தை விரித்து, எடைக்கு வெளியே ஈயத் துண்டுகளைக் கட்டி, துணி அலசும் பெரிய டப்பைத் தேடிப் போனால், அதில் நாத்தனாரின் போர்வைகள் ஊறிக்கொண்டிருந்தன.

"அலசிட்டுத் தர்றேன். கப்பல் எங்க ஓடியா போகப்போகுது?"

முக்கால் மணி நேரம் குழாயைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள்.

கடைசியில் டப் கிடைத்தது. கணவன் கூப்பிடாமலே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் ரிமோட்டை அழுத்தினாள். உள்ளே மோட்டார் முனகியது. குழாய் சாயாமல், அவசரப்படாமல் இறங்கி அடியில் போய் அமர்ந்தது. கணவனின் வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். மேலே வந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார்.

"அவ்வளவுதான் அண்ணி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்னும் பதினொரு முறை இறக்கி ஏற்றினாள். பிறகு துடைத்து, மூடியைத் திறந்து காகிதத்தை உருவினாள். ஒட்டிய இடத்தில் ஈரமே இல்லை. பின்முனையில் மட்டும் இரண்டு சொட்டு.

"ரெண்டு சொட்டுதானே, விடு," என்றான் கணவன்.

"டப்புல ரெண்டு சொட்டு. குளத்துல எவ்வளவு வரும்?"

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அது பெரிய விஷயம்.

நாத்தனார் போர்வையைப் பிழிந்தபடி கேட்டாள். "எப்படியோ முடிஞ்சுது. இனி மேசையைக் காலிபண்ணிடலாம்ல?"

"இது உள்ள இருக்கற குழாய் அண்ணி. கப்பலை இனிமேதான் ஆரம்பிக்கணும்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி சமையலறைக்குள் போய் மூன்று தட்டுகளை எடுத்துவந்து கட்டில்மேல் பழைய செய்தித்தாளை விரித்தான்.

"சாப்பிட வா," என்றான்.

"நீங்க ஆரம்பிங்க," என்றாள் அவள். பின்மூடியின் ரப்பர் வளையம் அதற்குள் கழன்று அவள் கைக்கு வந்திருந்தது.