தம்பிக்குப் பதில் மொட்டை

எனக்கு நாற்பத்தொன்பது வயது. தலையில் இன்னும் ஒரு நரை கிடையாது. மேலகரத்தில் என் டயர் கடைக்கு வருகிறவர்கள், டை அடிக்கிறேன் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அந்த முடியைத்தான் என் தம்பி இசக்கிராஜா கேட்டான்.

அவன் டெக்சாஸ் போய் ஏழு வருஷம். ஞாயிறு காலையில் வீடியோவில் வருவான், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பான், போய்விடுவான். போன வருஷம் நான் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவன் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

“அண்ணே, இலஞ்சி முருகனுக்கு மொட்டை நேந்திருக்கேன். தள்ளிக்கிட்டே போவுது. இப்ப ஊருக்கு வந்தா திரும்ப விசா கெடைக்குமான்னு தெரியல. எனக்குப் பதிலா நீ போட்டுக்கிடுதியா?”

“எதுக்குலே நேந்த?”

“முடி எறக்குததுக்கு முன்ன சொல்லக்கூடாதுண்ணே.”

அவன் போனை வைத்துவிட்டான். எனக்கு மண்டையைக் குடைய ஆரம்பித்தது. வீடு வாங்கவா? வேலை போய்விடும் போலிருக்கிறதா? நானாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க, என் மனைவி பொன்செல்வி சும்மா இருக்கவில்லை.

“வீடு, வேலைன்னா சொல்லிருப்பாருல்லா? ஒடம்புக்குத்தான் ஏதோ முடியல போலுக்கு.”

அடுத்த ஞாயிறு வீடியோவில் அவன் கன்னம் ஒட்டியிருந்தது. கேட்டால், “லைட்டு அப்பிடிண்ணே” என்றான். எனக்குப் பயம் வந்துவிட்டது. கோபம் வேறு, தம்பி வேறு.

வெள்ளிக்கிழமை காலையில் இலஞ்சிக்குப் போனோம். மொட்டை அடிப்பவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார்.

“அமெரிக்காவுல வளந்த முடிய இங்கன எறக்குதோம். எல்லாம் ஆன்லைன் ஆயிட்டு, அண்ணாச்சி” என்று சிரித்தார்.

ஐந்தருவியில் குளித்தேன். வெறும் மண்டையில் அருவி அடித்தால் காதுக்குள்ளெல்லாம் கேட்கிறது. திரும்பி வந்து, சந்தனம் பூசி, சாமி கும்பிட்டு, கோயில் வாசலிலிருந்தே அவனைக் கூப்பிட்டேன்.

“முடிஞ்சிட்டு. இப்ப சொல்லு. ஒனக்கு என்னலே செய்யுது?”

அவன் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு ஒண்ணுமில்லண்ணே. நீ ஐசியூவுல கெடந்தப்ப நேந்தது. ரெண்டு தடவ டிக்கெட் போட்டுக் கேன்சல் பண்ணுனேன். வேற என்ன செய்யதுன்னு தெரியல.”

என் உயிருக்கு நேர்ந்த மொட்டையை நானே போட்டுக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. பொன்செல்வி போனை வாங்கப் பார்த்தாள், நான் கொடுக்கவில்லை.

“இது செல்லாதுலே” என்றேன். “பொழச்சவன் முடி வேற, நேந்தவன் முடி வேற. நீ வந்து ஒக்காந்தாத்தான் முருகன் ஒத்துக்கிடுவான்.”

“விசாண்ணே…” என்று இழுத்தான்.

“அத முருகன்கிட்ட சொல்லு. எனக்கு ஒன்ன நேர்ல பாக்கணும்.”