டிரேசிங் துணி

சகாயம் டிரங்குப் பெட்டியில் பாதிக்கு மேல் காலி செய்துவிட்டார். திருவனந்தபுரத்திலிருந்து காலையில் வந்து இறங்கிய மனிதர், ஒரு வாய் காப்பி குடித்ததோடு சரி. நாச்சம்மாளின் கணவரும் தன்னோடு வேலை பார்த்தவருமான ஈஸ்வரமூர்த்தி எட்டு மாதத்துக்கு முன் சாகும்போது விட்டுப்போன காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். பதவி உயர்வு கேட்டு எழுதிய மனுக்களின் நகல் ஒரு கட்டு. பரிசீலனையில் உள்ளது என்று வந்த பதில்கள் அதைவிடப் பெரிய கட்டு. டைரிகளில் மழை, கடலைக்காய் விலை, மகளின் காய்ச்சல் எல்லாம் இருந்தன; ஆபீசைப் பற்றி ஒரு வரி இல்லை. வாயைத் திறக்காமலே ஒரு மனிதர் இத்தனை காகிதம் சேர்த்திருக்கிறாரே என்று நாச்சம்மாளுக்கு எரிச்சலாக வந்தது.

திருவனந்தபுரத்து ராக்கெட் ஆபீசில் அவருக்குப் பதினான்கு வருஷம். சொந்த ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு அது தீபாவளி வாணம் விடுகிற உத்தியோகம். எழவு வீட்டிலேயே அவளுடைய அண்ணன், "அங்க போயி என்னத்தக் கிழிச்சாரு?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டான். இன்று சகாயம் அந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவந்திருந்தார்.

"எரிபொருளை அளந்து விடுற வால்வு சார் கண்டுபிடிச்சதுதான் அக்கா. பக்கத்து மேசையில இருந்து நான் கண்ணால பாத்தேன். இப்ப அதுக்கு எங்க மேலதிகாரி, பெரிய சாருக்கு டெல்லியில விருது குடுக்கப் போறாவ. வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா? அறுபத்தெட்டுல சார் டிரேசிங் துணியில வரைஞ்ச மூலப்படம் வேணும். மூலையில கையெழுத்தும் தேதியும் இருக்கும்."

"நல்லாத் தேடுங்க. ஒருக்காவாச்சும் அவரு பேரு பேப்பர்ல வரட்டுமுங்க" என்றாள். அண்ணனின் முகத்துக்கு நேரே அந்தப் பேப்பரை நீட்ட வேண்டும் என்ற ஆசையை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டியின் அடியில் செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பிரித்தால் குழந்தைச் சட்டை. நாச்சம்மாள் குனிந்து பார்த்தாள். மகளின் முதல் சட்டை! கல்லு மாதிரி இருந்த மனுஷன் இதைப் பத்திரமாக வைத்திருக்கிறாரே.

சகாயத்தின் விரல்கள் சட்டையின் ஓரத்தில் நின்றுவிட்டன. "இது எங்க வாங்கின துணி?"

"வாங்குனதில்லீங்க. பாப்பா பொறந்தப்ப அவரு சுருட்டிக் கொண்டாந்தது. மொடமொடன்னு இருந்துச்சு. குவாட்டர்ஸ்ல எல்லாரும் சுடுதண்ணில அலசி, கஞ்சியெடுத்துச் சட்டை தெப்பாங்க. என்னமோ படம் போட்டிருக்குதே, வேணுமான்னு கேட்டனுங்க. தொவைச்சுக்கோ, இனி அது எதுக்கும் ஆகாதுன்னுட்டாரு."

சகாயம் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுதான் அந்த டிரேசிங் துணி. அந்த மாசந்தான் சாரோட வால்வுக்குப் பெரிய சார் தன் பேரைப் போட்டு வேற படம் வரையச் சொன்னாரு. வரைஞ்சது நாந்தான் அக்கா."

அவர் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகுப்புறம், கீழ் ஓரத்தில், ஊதாவாக ஒரு கறை.

"நாவப்பழக் கறைங்க. சோப்பு, எலுமிச்சை, எதுக்கும் போகல."

"பழம் இல்ல. படத்துல குத்துன ஆபீஸ் முத்திரை. வெளிச்சத்துல பிடிச்சா இங்கிலீஷ்ல பெரிய சார் பேரு இப்பவும் வாசிக்க முடியுது. நாங்க வரையுற மை கஞ்சி மேல நிக்கும், கஞ்சியோட போயிரும்; சார் படமும் கையெழுத்தும் அப்படித்தான் போச்சு. முத்திரை மை நூலுக்குள்ள இறங்கிரும்."

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் கறையோடு மல்லுக்கட்டிய நாட்கள் உண்டு. ஒருநாள் அவர் குழாயடியில் நின்று பார்த்துவிட்டு, "அது போகாது நாச்சா, உடு" என்றார். தன் கை நோகுமே என்று சொன்னதாக நினைத்து அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். சட்டையை மகளுக்காகப் பொத்தி வைத்தாரா, இந்த முத்திரைப் பேருக்காகவா? இனி யாரைப் போய்க் கேட்பது?

அவள் சட்டையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நனைத்தாள். கல்லில் வைத்துத் தேய்த்தாள்.

பின்னாலேயே வந்த சகாயம், "அது போகாது அக்கா" என்றார்.

"தெரியுமுங்க."

இற்றுப்போன துணி தோள்பட்டையில் கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. அலசிய தண்ணீர் கொஞ்சமும் நிறம் மாறாமல் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போனது.