ஒன்பதாம் நம்பர் மேலத்துறைக்குப் போன வருடம்

இப்போதுள்ள ஆட்களுக்கு ஒரு கோபத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. காலையில் வெட்டிவிடுவேன் என்கிறான், சாயங்காலம் அவனுடைய பைக்கிலேயே பின்னால் ஏறிப் போகிறான். கேட்டால், அது அப்போது என்கிறான். என் தகப்பனார் தன் சொந்த அண்ணனோடு இருபத்திரண்டு வருடம் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில்தான் கடலுக்குப் போனார்கள். அண்ணன் செத்தபோது சவப்பெட்டியை முன்னால் பிடித்தவர் அவர்தான். அப்போதும் பேசவில்லை. என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் காரணம் இருந்திருக்கும்.

அதனால் பெனிட்டோ மேலத்துறைக்குப் பந்து ஆடப் போனான் என்று எங்கள் ஊர் கொதித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு மாதம் தாங்காது என்று நினைத்தேன்.

எங்கள் சவேரியார்துறைக்கும் மேலத்துறைக்கும் இடையில் ஆற்றின் வாய் ஒன்றுதான் உண்டு. மழையில் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் வெறும் மணல். பெனிட்டோ எட்டு வருடம் எங்கள் ஃபுட்பால் கிளப்பின் ஒன்பதாம் நம்பர். இடது கால்காரன். ஞானஸ்நானத்தில் நான் அவனுக்கு ஞானத்தகப்பன். அதில் பெருமை ஒன்றும் இல்லை, முதலில் கேட்டிருந்த ஆள் அன்றைக்குக் கடலுக்குப் போய்விட்டான், கோயில் வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள்.

2011 கிறிஸ்துமஸ் கழிந்து அவன் மேலத்துறையில் அபினா என்ற பெண்ணைக் கட்டினான். கட்டினது தப்பில்லை. அங்கேயே குடியிருந்தான், அதையும் விட்டுவிடலாம். கோயிலின் பங்குப் புத்தகத்தில் இங்கே பெயரை வெட்டி அங்கே எழுத வைத்தான். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் பெயர் எந்தப் பங்கில் இருக்கிறதோ அந்தப் பங்குக்குத்தான் ஆட வேண்டும். பதினைந்து வருடமாகத் துபாயில் கிடப்பவன் பெயர் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. செத்துப்போனவர்கள் பெயர்கூட இரண்டு இருக்கிறது. நடந்தால் அரைமணி நேரத்தில் வருகிற ஊருக்குப் போனவனுக்குப் பெயரை மாற்ற என்ன அவசரம்?

ஊர் செய்ததைச் சொல்கிறேன். கிளப் அறையில் மாட்டியிருந்த அவன் படத்தை இறக்கினார்கள். ஆணியும், சுவரில் படம் இருந்த இடத்து வெளுப்பும் மிச்சம். படம் இருந்தபோது பார்க்காதவன்கூட அதற்குப் பிறகு அந்த இடத்தைத்தான் பார்த்தான். கோயில் மதிலில் யாரோ ‘யூதாஸ் 9’ என்று எழுதினார்கள். சாமியார் அழிக்கச் சொன்னார். யூதாஸை அழித்தார்கள், ஒன்பதை விட்டுவிட்டார்கள். பெரிய வெள்ளிக்கு முன்னால் போடுகிற நாடகத்தில் யூதாஸ் வேடம் கட்டினவன் அங்கியைக் கழற்றினால் உள்ளே மேலத்துறையின் பச்சை ஜெர்சி. சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசையில் பெனிட்டோவின் அம்மா குளோரி இருந்தாள். அவள் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் குளோரி மீன்கூடையை இறக்கும்போது, “ஏட்டி குளோரி, இது இங்கத்த மீனா, மேலத்துறை மீனா?” என்று வாங்க வந்தவர்கள் கேட்டார்கள்.

“மீனுக்கு யாரு புத்தகத்துல பேரு எழுதுகா? வேணும்னா எடு, இல்லேன்னா கைய எடு,” என்றாள் அவள்.

எடுத்தார்கள். அதைத்தான் சொல்கிறேன், இவர்களுக்குக் கோபம் வைக்கத் தெரியாது.

நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. அவன் பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். எதிரே வந்தால் கடலைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கடல் எப்போதும் ஒரு பக்கத்தில் இருப்பதால் அதில் சிரமம் இல்லை.

திருநாள் போட்டிக்கு கோல் வலை பின்னுகிறது நான்தான். கடையில் வாங்கின வலை எங்கள் உப்புக்காற்றில் ஒரு வருடம் நிற்காது. 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்து பழைய மைதானத்தைக் கம்பங்களோடு கொண்டுபோனது. பிறகு சுனாமி காலனிக்குப் பின்னால் புது மைதானம் போட்டதிலிருந்து எல்லா வலையும் என் கையால் பின்னினது. பெனிட்டோ போன வருடம் ஆடி மாதம் கடல் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், புது நைலான் நூல் எடுத்துப் பின்னினேன். ஒவ்வொரு முடிச்சும் காலால் மிதித்து இழுத்துப் பார்த்தது. போட்டி நடக்கும்போது கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். நான் வலையைப் பார்ப்பேன்.

டிசம்பரில் சவேரியார் திருநாள் போட்டி வந்தது. இறுதி ஆட்டம் எங்களுக்கும் மேலத்துறைக்கும். தொடர்ந்து மூன்று வருடம் ஜெயிக்கிற ஊருக்குக் கோப்பை சொந்தம் என்பது சட்டம். நாங்கள் இரண்டு வருடம் எடுத்திருந்தோம். இரண்டும் யார் காலால் வந்தது என்று அந்த வாரம் ஊரில் ஒருவரும் பேசவில்லை. எழுபத்திரண்டு வயதில் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அந்தக் கோப்பை எங்கள் கிளப் அறையில் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்க வேண்டும். அவன் வெளியே நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ரெஃபரி சுயம்புராஜ் என்று ஒருவர், பூதப்பாண்டிப் பக்கம் பி.டி. வாத்தியார், வயல்காரர். நல்ல மனிதர் என்றார்கள். பார்த்தவுடனே நல்ல மனிதர் என்று தெரிகிறவர்களை நான் நம்புவதில்லை.

பெனிட்டோ பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊர் கூவியது. ஒருவன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தான். பெனிட்டோ யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது, இரண்டு ஊரும் கோல் போடாத நிலையில், நான் உட்கார்ந்திருந்த மேற்குக் கோலைப் பார்த்து இடது காலால் தரையோடு ஒன்று அடித்தான். பந்து கம்பத்துக்கு உள்பக்கம் நுழைந்து பக்கத்து வலையில் மோதி விழுந்தது. நான் பார்த்தேன். கோல்தான். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

எங்கள் கோல்கீப்பர் யோவான் உடனே கையைத் தூக்கினான். “சார், வெளிய போச்சு. கம்பத்துக்கு வெளிய.”

சாயங்கால வெயில் ரெஃபரியின் முகத்துக்கு நேரே. அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கோட்டோரம் கொடி பிடித்து நின்ற சிலுவைதாசனிடம் ஓடினார். சிலுவைதாசன் எங்கள் ஆள்.

“கண்ணுல மண்ணு விழுந்துட்டு சார்,” என்றான்.

“எப்பம்?”

“அவன் அடிச்சாம்லா, அப்பம்.”

“வெளிய போன பந்து எப்படிய்யா உள்ள கிடக்கு?” என்று யோவானிடம் கேட்டார் ரெஃபரி. அதற்குள் இரண்டு ஊரும் மைதானத்தில் இறங்கிவிட்டது. என் நாற்காலி எங்கோ போயிற்று. கோலைச் சுற்றி எங்கள் ஆட்கள் நின்றார்கள், நான் பின்னால் தள்ளப்பட்டு ஒருவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் கிளப் செயலாளர் கிளீட்டஸின் குரல் கேட்டது.

“சார், இங்க வாருங்கோ. வலையில ஓட்டை கிடக்கு. வெளிய போன பந்து இது வழியா உள்ள வந்திருக்கு.”

போய்ப் பார்த்தார்கள். இடது கம்பத்துக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, ஒரு ஆள் தலை நுழைகிற ஓட்டை. ரெஃபரி அதில் பந்தை விட்டுப் பார்த்தார். போயிற்று.

“இந்த வலையைக் கட்டினது யாரு?”

எல்லாரும் வழிவிட்டார்கள். நான் முன்னால் போனேன். கிளீட்டஸ் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

“மாமா, ஒரு வார்த்தை போதும். நூலு பழசு, உப்புக்காத்துல இத்துப் போச்சுன்னு சொல்லும். கோப்பை நமக்கு.”

கோப்பை நமக்குத்தான். கண்ணாடிக்குள்ளே. அவன் வெளியே. எல்லாம் எனக்குத் தெரியும். ஆடியில் பின்னின நூலைப் பழசு என்று இரண்டு ஊர் நடுவில் நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் பெனிட்டோ வாயைத் திறந்தான்.

“சார், அது ஞானப்பா பின்னின வலை. அதுல ஓட்டை இருக்காது.”

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஒரு வருடமாக நான் பெயர் சொல்லாத ஆள், எனக்காகச் சாட்சி சொல்கிறான். அவன் இருக்காது என்றான் என்பதற்காகவே இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாய்வரை வந்தது. கை சும்மா இருக்காமல் வலையைப் பிடித்துவிட்டது.

இத்துப்போன நூல் நுனியில் பஞ்சுபோல் பிரிந்து நிற்கும். இழுபட்டு அறுந்த நூல் நீண்டு மெலிந்திருக்கும், பக்கத்து முடிச்சு நகர்ந்திருக்கும். இதில் முடிச்சு ஒன்றும் நகரவில்லை. ஒன்பது கண்ணி, ஒரே வரிசையாக, நுனி எல்லாம் நறுக்கென்று இருந்தது.

“இது இத்தது இல்ல,” என்றேன். “அறுந்ததும் இல்ல. கத்தி வச்சு வெட்டினது. இப்பம் வெட்டினது.”

கூச்சல் நின்றது. ரெஃபரிக்கு ஏன் என்று புரியவில்லை. அவர் வயல்காரர். கடற்கரையில் ஆளை அடித்தால் ஆஸ்பத்திரியோடு போகும். வலையை வெட்டினால் போகாது. என் சின்ன வயதில் மேலத்துறைக்காரன் ஒருவன் எங்கள் வலையை நடுக்கடலில் வெட்டி, இரண்டு ஊருக்கும் மூன்று வருடம் பெண் எடுப்பு கொடுப்பு நின்றது. மேலத்துறை ஆட்களே அப்போது கோலை மறந்துவிட்டு அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். இரண்டு ஊர்க் கிழவர்கள் குனிந்து நுனிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் என்னை மறுத்துப் பேசவில்லை. கிளீட்டஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“அதெல்லாம் இருக்கட்டும் பெரியவரே,” என்றார் ரெஃபரி. “கோலா, இல்லியா?”

“பந்து உம்ம காரியம். வலை எங்க காரியம். பந்து அடிக்கும்போ என் வலையில ஓட்டை கிடையாது. உள்ள கிடக்குத பந்து எந்த வழியா வந்திருக்கும்னு நீரே பாத்துக்கிடும்.”

அவர் விசிலை ஊதி, கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார். மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் எங்கள் ஆட்கள் பந்தைவிட மணலை அதிகம் உதைத்தார்கள். ஒன்றுக்குப் பூஜ்ஜியம். கோப்பையை மேலத்துறைக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுமணலைத் தாண்டிப் போனார்கள்.

ஊர்த்தலைவர் என்னிடம் வந்து, வலை வெட்டின வழக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூட்டத்தில் வரும் என்றார். என்மேல் என்ன வழக்கு என்று சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

“ஓய், நீரும் பேரை அங்க மாத்திக்கிடும்,” என்றான் சிலுவைதாசன். அவன் கண் இப்போது சரியாகிவிட்டது.

“ஞானத்தகப்பனும் ஞானமகனும் சேந்து விளையாடிட்டாவ,” என்றான் இன்னொருவன்.

யோவான் என்னைக் கண்டதும் கடலைப் பார்த்தான். அதை அவன் என்னிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

எல்லாரும் போன பிறகு வலையை அவிழ்த்தேன். பனியில் விட்டுப் போக முடியாது. கோல் வலையை மடக்க இரண்டு ஆள் வேண்டும், ஒரு ஆள் மடக்கினால் சிக்கு விழும். வேறு யாரும் வரவில்லை. அடுத்த முனையை யாரோ எடுத்ததைப் பார்த்து நிமிர்ந்தேன். பச்சை ஜெர்சியோடு அவன் நின்றான்.

மடக்க ஆரம்பித்தோம். அவன் சரியாகத்தான் பிடித்தான்.

“ஞானப்பா,” என்றான்.

“உனக்காவச் சொல்லல்ல.”

“தெரியும்.”

“இங்கத்த ஆளுவ ஆயிரம் சொல்லட்டு. நீ செஞ்சது செஞ்சதுதான்.”

அவன் ஒரு மடிப்பு மடக்கினான். பிறகு சொன்னான்: “அபினாவுக்க அப்பனுக்குக் கண்ணு போச்சு. அவருக்க வள்ளத்துல போவ ஆளு இல்ல. அந்தத் துறையில வள்ளம் இறக்கணும்னா அங்கத்த புத்தகத்துல பேரு வேணும். வேற வழி இல்ல ஞானப்பா.”

“வள்ளத்துக்குப் பேரு வேணும், சரி. பந்துக்கு எதுக்கு? ஆடாம இருந்திருக்கலாம்லா.”

“ஆடாமலா?”

“ஆமா.”

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் தப்பாகப் பிடித்திருந்த ஒரு மூலையைக் காட்டினேன். திருத்திப் பிடித்தான். கடைசி மடிப்பில் இரண்டு முனையும் சேர வேண்டும், அவன் கிட்ட வந்து தன் முனையை என் கையில் வைத்தான்.

“மகளுக்கு ஜனவரியில ஞானஸ்நானம். அம்மயும் வருவா. நீங்களும் வரணும்.”

“எந்தக் கோயில்ல?”

“மேலத்துறையில.”

வலையைத் தோளில் போட்டேன். கனமாக இருந்தது. தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று அவன் கேட்டான், வேண்டாம் என்றேன். கண் போன மாமனாரை நான் பார்த்ததில்லை. அந்த ஊரில் எதையும் நேரில் பார்க்காமல் நம்ப முடியாது. பார்த்தாலும், கண்ணுக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வெட்டுப்பட்ட ஒன்பது கண்ணியையும் திருப்பிப் பின்னுவதற்கு வீட்டில் பச்சை நூல்தான் மிச்சம் இருந்தது, அது வேறு எரிச்சல். அவன் பின்னால் நின்று என்னமோ சொன்னான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.