முக்கில் நின்ற கொட்டு

“இங்கன வந்ததும் கொட்டு ஏம்ப்பா நிக்கிது? அடிக்கிறவங்களுக்குக் கை வலிக்கா?”

தங்கப்பழத்தின் தோளில் உட்கார்ந்திருந்த மாரிசெல்வம் இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது. அம்மன் கோயில் கொடைத் திருவிழா ஊர்வலம் பள்ளிவாசல் தெருமுக்குக்கு வந்திருந்தது. அந்த முக்கில் கொட்டை நிறுத்திவிட்டு, முப்பது தப்படி சும்மா நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடியும் அடிப்பார்கள். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிவாசல்காரர்களும் ஓர் அண்டா நிறைய சர்பத் கரைத்து வைத்து, முளைப்பாரி சுமந்து வருகிற பெண்களுக்குக் கொடுப்பார்கள்.

“உள்ள ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டு இருப்பாரு மக்கா. நாம கண்ண மூடி நிக்கும்போது ஒருத்தன் காதுகிட்ட வந்து கத்துனா எப்பிடி இருக்கும்?”

பையன் யோசித்தான். “அப்பம் நானும் பேசாம வாரேன்” என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

இருபது வருஷம் கழித்து அதே முக்கில் அதே வாய்தான், “ரோடு கவர்மெண்ட் ரோடு. நாம எதுக்கு நிறுத்தணும்?” என்று கேட்டது.

அந்த வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் தங்கப்பழம். கொட்டடிக்கிற இசக்கித்துரை குச்சியைத் தாழ்த்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். நிறுத்து என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் மகனுடைய கூட்டாளி ஒருவன், “ஏலே, ஒங்கப்பா பாய் வீட்டுப் பிரியாணிக்குப் பயப்படுதாரு” என்றான். இளவட்டங்கள் சிரித்தார்கள். தங்கப்பழம் வாயை மூடிக்கொண்டார். கொட்டு முழங்கியது.

பள்ளிவாசலிலிருந்து முகம்மது அப்சல் இறங்கி வந்தார். பாங்கு சொல்கிற மோதினார் அவர். தங்கப்பழத்துக்கு அடுத்த வீடு. “மக்கா, அஞ்சு நிமிசம் பொறு. தொழுகை முடிஞ்சிரும்” என்று மாரிசெல்வத்தின் தோளைத் தொட்டார். அவன் கையை உதறினான். உதறிய வேகத்தில் அவருடைய தொப்பி தெறித்து, சர்பத் சிந்தியிருந்த சேற்றில் விழுந்தது.

நாலடி தள்ளித் தங்கப்பழம் நின்றிருந்தார். குனிந்தால் எடுத்திருக்கலாம். அப்சல்தான் குனிந்தார். பகை வளரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. குனிய வேண்டிய நேரத்தில் ஒரு மனிதன் நின்றுவிட்டால் போதும்.

பிறகு போலீஸ் வந்தது, சமாதானக் கூட்டம் நடந்தது, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருஷம் கொடை வேறு தெரு வழியாகப் போயிற்று. அடுத்தடுத்த வீட்டு வாசலில் தங்கப்பழமும் அப்சலும் ஒரே நேரத்தில் செருப்பு மாட்டினாலும், ஒருவர் போகிறவரை மற்றவர் தலை நிமிர்வதில்லை.

போன ஐப்பசியில் வாசுதேவநல்லூரிலிருந்து பைக்கில் திரும்பிய மாரிசெல்வம் லாரியில் அடிபட்டான். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

சுடுகாட்டுக்கு வழி பள்ளிவாசல் முக்குதான்.

“மேலத்தெரு வழியாச் சுத்திப் போயிருவமா மச்சான்?” என்று மெதுவாகக் கேட்டார் மைத்துனர் செல்லப்பா.

“அங்கன பாலத்தத் தோண்டிப் போட்டிருக்காங்க. பாடை போகாது” என்றார் தங்கப்பழம்.

தங்கப்பழத்துக்கு அழுகையை விடப் பயம் பெரிதாக இருந்தது. சேற்றில் விழுந்த தொப்பியை அந்த முக்கு மறந்திருக்காது. மகன் போகிற கடைசிப் போக்கில் ஒரு சொல், ஒரு முகச்சுளிப்பு வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்கு இனி வேண்டியிருந்தது. முக்கு வருவதற்கு முன்பே வேகமாக முன்னால் போய், இசக்கித்துரையைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். கொட்டு நின்றது. பாடை சுமந்தவர்களின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

அசர் என்கிற சாயங்காலத் தொழுகைக்கு வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பாடையைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். அப்சல் படியிறங்கி வந்தார். தங்கப்பழம் தரையைப் பார்த்தார்.

“கொட்ட ஏன் அண்ணாச்சி நிறுத்துனீங்க?”

இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. தங்கப்பழம், “தொழுகை நேரம்லா” என்றார்.

“அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. நாங்க காத்துக்கிடுதோம்.” அப்சல் இசக்கித்துரையின் பக்கம் திரும்பினார். “ஏம்வே, இந்தப் பிள்ளைக்குக் கொட்டுன்னா உசிரு. கொட்டில்லாம அனுப்பலாமா? அடியும்.”

இசக்கித்துரை தங்கப்பழத்தைப் பார்த்தான். அவர் தலையாட்டக்கூட இல்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவன் தானாகவே அடித்தான். பள்ளிவாசல் சுவரில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அதுவரை அழாத தங்கப்பழம், அந்த முக்கில் அழுதார்.

அப்சல் சுடுகாடு வரைக்கும் வந்தார். சிதையில் சாண எருவட்டி அடுக்கும்போது அவரும் இரண்டை எடுத்தார்.

“நீரு எதுக்கு பாய்? தொழப் போணும், சட்டை அழுக்காயிரும்” என்றார் செல்லப்பா.

“சட்டையத் துவைச்சுக்கிடலாம் அண்ணாச்சி. சின்னப் பிள்ளையில எந்தோள்ல மோண்டவன்தான இவன்” என்று சொல்லி, காலடியில் இரண்டையும் பதமாக வைத்தார். வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேகமாக நடந்து போனார்.

அன்று இரவெல்லாம் தங்கப்பழத்தின் கண் முன்னால் எருவட்டி பிடித்த அந்தக் கைகளே நின்றன. ஏனென்றால், அதற்கு முந்தின வருஷம் அப்சலின் மகள் மெகராஜ் பானு மஞ்சள்காமாலையில் இறந்தபோது, அந்தச் சாவுக்குத் தங்கப்பழம் போகவில்லை. பத்தொன்பது வயசுப் பிள்ளை. பெரியப்பா, பெரியப்பா என்று இந்த வீட்டுக்குள் ஓடி விளையாடியவள். “அடக்கத்துக்காவது போயிட்டு வாங்க” என்று மனைவி ஜெயசித்ரா கெஞ்சினாள். அவர் உரம் வாங்க வேண்டும் என்று சொல்லிச் சிவகிரிக்கு பஸ் ஏறினார். உரமும் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அது கோபத்தினால் அல்ல. தொப்பியை எடுத்துக் கொடுக்காதவன் எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற வெட்கம். வெட்கத்தைக் கோபம் என்று ஊர் நினைத்தது. அப்சலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அடக்கத்துக்குப் போகிறவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். அப்சலின் அப்பாவுக்குத் தங்கப்பழம் போட்டிருக்கிறார். இந்தப் பிள்ளைக்குப் போடவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குச் சாம்பல் அள்ள வேண்டும். “தீ அமந்திருச்சான்னு பாத்துட்டு வாரேன்” என்று ஆறு மணிக்கே தனியாகக் கிளம்பினார். சுடுகாட்டில் மகன் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் மட்டும் புகை கசிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டினார்.

அந்தக் கரையில்தான் பள்ளிவாசல்காரர்கள் அடக்கம் செய்கிற மையவாடி. கேட்டைக் கம்பியால் சுற்றியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டு, செருப்பை வெளியே விட்டு உள்ளே போனார். கடைசி வரிசையில் ஒரு கல்லில் பச்சைப் பெயிண்டில் மெகராஜ் பானுவின் பேர் எழுதியிருந்தது. மழையில் கால்பக்கத்து மண் உள்வாங்கியிருந்தது.

தங்கப்பழம் முழங்காலிட்டார். ஈர மண்ணைத் தோண்டி எடுத்து, கல் பொறுக்கிப் போட்டுவிட்டு, பள்ளத்தில் வைத்தார். ஒரு பிடி. இரண்டு. மூன்றாவது பிடியை வைக்க மனம் வராமல் நெஞ்சோடு கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

“பெரியப்பா ரொம்பப் பிந்திட்டேன் மக்கா” என்றார்.

அதையும் வைத்து, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினார். எழுந்து வந்து, கேட்டில் கம்பியைப் பழையபடி சுற்றினார். கையைக் கழுவாமல் இக்கரைக்குத் திரும்பி வந்து, மகனின் சாம்பலுக்குப் பக்கத்தில் மற்றவர்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.