பெட்ரோலுக்கு மாற்றிய மஞ்சள் டிராக்டர்

என் அக்கா ரோசாலியாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டு, சூப் வைத்துக் கொடுத்து, ஒருவழியாக ஹேஸ் நகரத்திலிருந்து நான் வீடு திரும்பியபோது, என் டிராக்டர் கொட்டகைக்கு வெளியே பளபளவென்று நின்றது. காரை விட்டு இறங்கவே தோன்றவில்லை. உடம்பு முழுக்கப் புது மஞ்சள், சக்கரத்தின் நடுவில் சிவப்பு. காயாத பெயின்டில் பூச்சிகள் ஒட்டியிருந்தன. முன்னால் குண்டாக உட்கார்ந்திருக்கும், சமையல் கேஸ் அடைக்கிற டேங்கைக் காணோம். அந்த இடத்தில் வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்க் இருந்தது. என் கணவன் லைனஸும், பக்கத்துப் பண்ணை எல்ராயும், பரீட்சையில் தேறிய பையன்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வயதாகிவிட்டதால் நாங்கள் பண்ணையை மூடிச் சாமான்களையெல்லாம் ஏலம் விட நாள் குறித்திருந்தோம்.

"உனக்குத் தெரியாமலே முடிக்கணும்னு ராப்பகலா செஞ்சோம்," என்றான் லைனஸ். "இனிமே எவன் வேணா வாங்குவான். கேஸ் வண்டிய எவன் சீண்டுவான், சொல்லு?"

"ஹாகன் வாங்குறேன்னு சொன்னாரே. உங்கிட்ட சொன்னேன்ல?"

"அயோவாக்காரன் போற வழியில ஆயிரம் சொல்லுவான்."

எல்ராய் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "அந்த டேங்க்ல கேஸ் ரொப்ப இப்ப எவனும் ஒத்துக்க மாட்டேங்குறான் அல்வீனா. பழசு, வால்வு செல்லாதுன்னு துரத்திவிடுறான்."

"ரொப்பிக் காட்டச் சொல்லி யாரு கேட்டா? கழட்டின சாமானெல்லாம் எங்க?"

ரெகுலேட்டரும் குழாய்களும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. டேங்கை எல்ராய் எடுத்துப் போயிருந்தான், ஏலத்தன்று அதற்கு ஒரு வேலை இருக்கிறதாம்.

அந்த டிராக்டர் லைனஸுடையது இல்லை. அப்பா செத்தபோது நிலத்தை என் தம்பிகள் இருவரும் பிரித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று யோசித்து, யாருக்கும் வேண்டாத கேஸ் வண்டியை என் தலையில் கட்டினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பள்ளி விட்டு வந்ததும் அதில் ஏறி உழுதவள் நான்தான். அப்பா வாங்கிய காலத்தில் எங்கள் மேற்குக் கான்சஸில் கேஸ் கொள்ளை மலிவு, அதனால் தொழிற்சாலையிலேயே கேஸுக்கென்று செய்த வண்டியை வாங்கினார். பிறகு விலை ஏறியதும் ஊரில் எல்லோரும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு மாற்றக் காசில்லை, மாற்றவும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் வழி கேட்க வந்த அயோவாக்காரர் ஹாகன், வழியை மறந்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய டிராக்டர் சேர்க்கிறவர். "மாத்தாம மிச்சமிருக்கிறது விரல் விட்டு எண்ணிடலாம்மா," என்றார். "துடைக்கக்கூடத் துடைக்காதீங்க. துரு இருந்தா இருக்கட்டும். ஏலத்துக்கு நானே வரேன்." என்ன விலை வரை போவார் என்றும் சொன்னார். ரோசாலியா வீட்டுக்கு அடுத்தாற்போல், மாதா கோவிலுக்குப் பின்புறம், இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குக் காலியாக இருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாங்கள் இருவரும் அங்கே சில வருஷம் யார் தயவும் இல்லாமல் இருந்துவிடலாம். இல்லாவிட்டால் கார்டன் சிட்டியில் மகன் கர்ட் வீட்டின் நிலவறைதான். மருமகள் டானா நல்லவள். ஆனால் அவள் என் தலைக்கு மேலே நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கரண்டியை எங்கே வைப்பது என்று அவளிடம் கேட்டுக்கொண்டு சாக எனக்கு விருப்பமில்லை. இதை லைனஸிடம் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருந்தேன். அவன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே "ம்" என்றான். அவன் சொல்லும் "ம்" காதில் விழுந்ததற்கு அடையாளம் இல்லை என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று ராத்திரி அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன். "உனக்காகத்தானே செஞ்சேன்," என்றான் படுக்கையில். அது பொய்யில்லை, அதுதான் எரிச்சல். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது தீர்த்திருப்பேன். மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் எஞ்சின், சட்டியில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி தட்டியது. கேஸுக்கென்று இறுக்கமாகச் செய்த எஞ்சின், சாதா பெட்ரோலைத் தாங்காது. "ஒசத்தி பெட்ரோலா ஊத்தினா தட்டாது," என்றான் எல்ராய்.

ஏலத்தன்று நல்ல காற்று. மண்வெட்டியிலிருந்து அறுவடை இயந்திரம் வரை எங்கள் வாழ்க்கை முழுவதையும் புல்வெளியில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். மாதா கோவில் பெண்கள் முட்டைகோஸும் கறியும் வைத்த பன் விற்றார்கள். ஹாகன் நீளமான டிரெய்லரோடு வந்து இறங்கினார். தூரத்திலேயே மஞ்சளைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து குனிந்தார், கார்புரேட்டரைப் பார்த்தார், புதுப் பெயின்டை நகத்தால் லேசாகத் தொட்டார்.

"டேங்க் எங்கங்க இருக்கு?" என்று லைனஸிடம் கேட்டார். "டேங்கும் ரெகுலேட்டரும் இருந்தாக்கூடப் போதும், மறுபடி பூட்டிக்கலாம்."

லைனஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதோ பாருங்க," என்று கை நீட்டினான். கொட்டகை ஓரத்தில் என் அப்பாவின் டேங்க் நீளவாக்கில் அறுபட்டு, கீல் வைத்து, கால் வைத்து, கறி வாட்டும் அடுப்பாக வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே மாட்டுக்கறி புகைந்துகொண்டிருந்தது. எல்ராய் இடுக்கியோடு நின்று கையாட்டினான். "எல்ராய் வெல்டிங்ல கெட்டிக்காரன். ஒரு தட்டு சாப்பிட்டுப் பாருங்க."

ஹாகன் அதை ஒருமுறை சுற்றி வந்தார். என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்லலையாம்மா?" என்றார்.

"சொன்னேன்."

அப்போதுதான் லைனஸின் முகம் மாறியது. என்னைப் பார்த்தான். நான் பதிலுக்குப் பார்க்கவில்லை. ஹாகன் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். காலி டிரெய்லர் கடகடவென்று ஆடிக்கொண்டே சாலை திரும்பியது.

ஏலக்காரர் டிராக்டருக்கு வந்ததும் எல்ராய்தான் முதலில் கை தூக்கினான், அடிமட்ட விலைக்கு. தானியம் ஏற்ற அவனுக்கு ஒன்று வேண்டுமாம். ஏலக்காரர் தொண்டை வறளக் கத்தினார். யாரும் அசையவில்லை. எங்கள் ஊரில் அது மரியாதை. ஒருவன் உழைத்துத் தயார் செய்த சாமானை அவனே கேட்டால், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் போட்டி போட மாட்டார்கள். நல்ல மனிதர்கள் எல்லோரும் நல்ல மனிதர்களாகவே கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஏலத்துக்கு விட்டது எதையும் திரும்ப எடுப்பதில்லை என்று நோட்டீஸில் அச்சடித்தாகிவிட்டது. சற்று முன் எங்கள் புல்வெட்டும் மெஷின் இதைவிட அதிகத்துக்குப் போயிருந்தது.

"நல்ல கைக்குத்தான் போயிருக்கு அல்வீனா," என்று யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

நான் வீட்டுக்குள் போனேன். சமையலறையில் டானா முழங்காலில் நின்றிருந்தாள். பாவம், அவளும் உதவத்தான் வந்திருந்தாள். "அத்தை, வந்துட்டீங்களா? உங்க சாப்பாட்டு மேஜை நிலவறைப் படியில இறங்குமான்னு பாக்கணும். இறங்கலைன்னா காலை அறுத்துடலாம்னு கர்ட் சொல்றாரு." அளவு டேப்பை இழுத்து அதன் நுனியை என்னிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க."

ஜன்னலுக்கு வெளியே லைனஸ் தனியாக நின்றிருந்தான். சட்டைக் கையால் டிராக்டரின் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் டேப்பின் நுனியை மேஜையின் ஓரத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.