நடுவில் பிரிந்த விசைப்பலகை

காலையில் விசைப்பலகையின் நான்கு விசைகள் வேலை செய்யவில்லை. வெயில் ஏறியதும் வேலை செய்தன. தீவுக் கிராமமான கரம்பொன்னில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிரேமினிக்கு ஒரு வாரமாக இது பிடிபடவில்லை. நான்கும் வலக்கைப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வயரை ஆட்டிப் பார்த்தாள், கழற்றித் திரும்பச் செருகிப் பார்த்தாள். ஒன்பது மணிவரை ஊமை; பதினொரு மணிக்குச் சரி.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அனுப்பும் கூட்டப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேகத் தேர்வு இருந்தது. அதில் தவறினால் வேலை இல்லை.

சாதாரண விசைப்பலகையில் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னே நெருங்கவேண்டும். முழங்கைகள் விலகியே இருப்பதால் மணிக்கட்டுகள் வெளிப்பக்கம் மடங்கும். அப்படி மடங்கி அரை மணி நேரம் அடித்தால் பிரேமினியின் விரல்கள் மரத்துவிடும். அதனால்தான் எட்டு வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து வந்த அண்ணன், நடுவில் பிரிந்து இரண்டு பாதியும் கைகளின் போக்கில் சாய்ந்த இந்தப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை அதையும் மடிக்கணினியையும் ஊர்காவற்றுறையில் தொலைபேசி திருத்தும் டினேஷின் கடைக்குக் கொண்டுபோனாள். அவன் பலகையைக் கழற்றினான். உள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்ரிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளிப்பூச்சுக் கோடுகள், நடுத் தாளில் ஓட்டைகள். விசையை அழுத்தினால் மேற்கோடு ஓட்டை வழியாகக் கீழ்க்கோட்டைத் தொடும். விசைக்கு ஒரு கோடு என்று கிடையாது; பல விசைகளுக்கு ஒரே கோடுதான். நான்கும் ஒன்றாகக் கெட்டது அதனால்தான்.

டினேஷ் தாளை வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கோட்டின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"அக்கா, இதுக்குத் தண்ணி பட்டதோ?"

"இல்லையே." கொஞ்சம் யோசித்தாள். "சரஸ்வதி பூசைக்குப் படத்துக்கு முன்னால வைச்சனான். சந்தனம் வைச்சு, கொஞ்சமாத் தண்ணி தெளிச்சனான்."

"எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"அந்தத் தண்ணியில தேத்தண்ணி வைப்பியளோ?"

"சீ, உப்பு! பவுசர் லொறியில வாற தண்ணிதான் குடிக்கிறது."

"நீங்கள் குடிக்க மாட்டியள், கீபோட்டுக்குப் பருக்கிப் போட்டியள்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் காய்ந்தபின் உப்பு தாள்களுக்கிடையே தங்கிவிட்டது. காலை ஈரத்தை அது உறிஞ்ச, மின்சாரம் கோடு மாறிக் கசிந்தது. வெயிலில் காய்ந்ததும் கசிவு நின்றது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் உப்பு கோட்டையும் அரித்திருந்தது. டினேஷ் பஞ்சால் ஒற்றியதும் பூச்சு பஞ்சோடு வந்துவிட்டது. இனி அந்த நான்கு விசைகளும் மத்தியானத்திலும் வேலை செய்யாது.

"வேற கீபோட்டின்ர தாளைப் போட ஏலாதோ?"

"இந்த வளைவுக்கெண்டு வெட்டின தாள், அக்கா. வேறொண்டும் பொருந்தாது."

அங்கிருந்தே அண்ணனை அழைத்தாள். நித்திரைக் குரலில் பேசியவன் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அதைச் செய்யிறதை விட்டு நாலு வருசமாம். பழசும் ஒண்டும் விக்கிறதுக்கு இல்லை."

"பலபேர் கேட்டா திரும்பச் செய்ய மாட்டினமோ?" என்று டினேஷிடம் கேட்டாள்.

அவன் மேல்மூடியைக் கையில் எடுத்தான். "இது உருக்கு அச்சில வார்க்கிறது. ஒரு அச்சுச் செய்யிற காசுக்கு இந்த றோட்டில பத்துக் கடை போடலாம். சாதாரண கீபோட்டெண்டா அதே அச்சில லட்சக்கணக்கில அடிச்சு விப்பினம். இதுக்கு ஆக்கள் குறைவு. செய்யிறதை விட்டா அச்சும் பழைய இரும்புக்குப் போயிடும். உள்ளுக்குள்ள இருக்கிற சிப்பையும் இப்ப ஒருத்தரும் செய்யிறேல்லை. புதுச் சிப் எண்டா புரோகிறாம் புதுசா எழுதோணும், தாளும் புதுசா வரையோணும். பேர் மட்டுந்தான் பழசு, மற்றதெல்லாம் முதலில இருந்து தொடங்கோணும்."

பிரேமினி வலது சுண்டுவிரலைத் தன்னையறியாமலே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கணினியின் துவாரத்திலும் பழுதிருக்கிறதோ என்று பார்க்க, இலக்கப் பகுதி இல்லாத சின்ன விசைப்பலகை ஒன்றை டினேஷ் செருகினான். மேசையில் இடமில்லாததால் அதை மடிக்கணினிக்கு வலப்பக்கம் தள்ளி வைத்தான். அவள் தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்தாள். இடக்கை பழக்கத்தில் மடிக்கணினியிலேயே ஷிஃப்டை அழுத்த, வலக்கை சின்னப் பலகையில் முதலெழுத்தை அடித்தது. திரையில் பெரிய எழுத்து வந்தது.

"ரெண்டையும் ஒண்டா எடுக்குதோ?"

"ஓம், அதுக்கு எதில இருந்து வந்தாலும் ஒண்டுதான்."

"இதே மாதிரிச் சின்னது இன்னொண்டு இருக்கோ?"

"இருக்கு. ஏன், அதுக்கும் தண்ணி தெளிக்கவோ?"

"விசர்க் கதை கதையாம எடும்."

கடை மேசையிலேயே இரண்டையும் செருகி நாற்பது நிமிடம் அடித்தாள். முதலில் இடக்கை தவறான பலகைக்குத் தாவியது, பிறகு பழகிவிட்டது. விரல்கள் மரக்கவில்லை. திங்கட்கிழமைத் தேர்வையும் அவள் அப்படியே எழுதினாள்: இரண்டு சின்னச் சாதாரண விசைப்பலகைகளை ஒரே கணினியில் செருகி, அருகருகே வைத்து, இடப் பலகையின் இடப்பாதியை இடக்கையாலும் வலப் பலகையின் வலப்பாதியை வலக்கையாலும் மட்டும் அடித்தால், கைகள் தோளகலத்துக்கு விலகி நிற்கும்; மணிக்கட்டு மடங்காது.